எந்தக் கிருமி என்பதே முதல் துப்பு

ஒரே வீட்டில் நான்கு பேர் தொண்டையில் நிமோனியாவை உண்டாக்கும் ஒரே நிமோகாக்கஸ் கிருமி குடியிருக்கும். மூவருக்கு ஒன்றும் ஆகாது. நான்காமவருக்கு ரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைக்கும். உள்ளே போன கிருமியின் அளவு, வீரியம், வயது, சத்துக்குறைவு, சர்க்கரை நோய் என எல்லாவற்றையும் கழித்த பிறகும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும். அதில் ஒரு பங்கு மரபணுக்களுடையது.

இதற்கு நல்ல சான்று 1988-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், பிள்ளை தொற்றால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5.8 மடங்கு. வளர்த்தவர் அப்படி இறந்திருந்தால் அந்த வாய்ப்பு கூடவில்லை.

இன்னொரு சான்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருவது, ஆனால் அவ்வளவு சுத்தமானதல்ல. 1929-30-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் காசநோய்த் தடுப்பு மருந்தான பிசிஜியில் உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. அதைப் பெற்ற 251 சிசுக்களில் 72 பேர் காசநோயால் இறந்தார்கள். "ஒரே கிருமி, வேறு வேறு முடிவு" என்று இதைக் காட்டுவது வழக்கம். பழைய பதிவேடுகளைப் பிற்பாடு அலசியபோது, ஒவ்வொரு தயாரிப்பிலும் கலப்பின் அளவே வேறாக இருந்தது தெரிந்தது. அளவைப் பார்க்காமல் மரபணுவைக் குற்றவாளி ஆக்கக்கூடாது.

"எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் பிழைதான். உடம்பின் காவல் பல உறுப்புகள் கொண்டது. ஒன்று பழுதானால் குறிப்பிட்ட சில கிருமிகளுக்கு மட்டும் கதவு திறக்கும், மற்றவற்றை உடம்பு வழக்கம்போல் சமாளிக்கும். அதனால் கல்ச்சரில், அதாவது நோயாளியின் மாதிரியை வைத்துக் கிருமியை வளர்க்கும் சோதனையில், வளர்ந்த கிருமியின் பெயரிலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் இரண்டாம் முறை வந்தால், அல்லது குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு வந்திருந்தால், முதல் சந்தேகம் ரத்தத்தில் மிதந்து கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் மேல். C5 முதல் C9 வரையுள்ளவை சேர்ந்து கிருமியின் வெளிச்சவ்வில் துளை போடும். அந்தத் துளைக்கு மெனிங்கோகாக்கஸ் சேர்ந்த நெய்சீரியா வகைக் கிருமிகள் எளிதில் சாகும். தடித்த சுவருள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் சாகாது. எனவே இவற்றில் ஒன்று பிறவியிலேயே இல்லாதவருக்கு மெனிங்கோகாக்கஸ் ஆபத்து ஆயிரம் மடங்குக்கும் மேல், மற்ற கிருமிகளோடு பெரிய தகராறு இல்லை. C5-ஐத் தடுக்கும் எக்குலிசுமாப் மருந்து எடுப்பவர்களுக்கும் தடுப்பூசி போட்ட பிறகும் இதே நோய் வருகிறது. மரபணு செய்ததை மருந்து திரும்பச் செய்து காட்டியது போலத்தான்.

இதற்கான பரிசோதனை CH50, கூடவே AH50; காம்ப்ளிமென்ட் வேலை செய்யத் தொடங்கும் இரு வழிகளை இவை தனித்தனியே அளக்கும். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டினால் C5–C9 பக்கம் பாருங்கள். CH50 சரியாக இருந்து AH50 மட்டும் விழுந்தால் ப்ரொப்பர்டின் என்ற காம்ப்ளிமென்ட் புரதம் குறைவாக இருக்கலாம். அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களைத் தாக்கும். முதல் தடவையே உயிரைப் பறிப்பதும் உண்டு. முடிவு பெரும்பாலும் கெடுவது மாதிரியைக் கையாள்வதில்தான். சீரத்தை உடனே பிரித்து மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்காமல் மேசையில் விட்டால் காம்ப்ளிமென்ட் தானே அழிந்து, இல்லாத குறையைக் காட்டும். கடும் தொற்றின்போது இந்தப் புரதங்கள் செலவாகிவிடும் என்பதால், தேறிய பிறகு ஒருமுறை திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

பிசிஜி போட்ட இடத்தோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவினால், அல்லது சால்மொனெல்லா திரும்பத் திரும்ப வந்தால், பழுது இன்டர்லூகின்-12, இன்டர்ஃபெரான்-காமா என்ற செய்திப் புரதங்கள் வழியே காவல் செல்கள் பேசிக்கொள்ளும் பாதையில். எந்த இடத்தில் என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். IL12RB1 மரபணு பழுதென்றால் உடம்பு போதிய இன்டர்ஃபெரான்-காமா சுரப்பதில்லை, ஊசியாகக் கொடுத்தால் பலன் உண்டு. IFNGR1 மரபணு முழுதாக வேலை செய்யவில்லையென்றால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே கிடையாது. எவ்வளவு ஊற்றினாலும் வீண். அவர்கள் ரத்தத்தில் இன்டர்ஃபெரான்-காமா ஏற்கெனவே ஏறியே இருக்கும்.

ஏமாற்றும் பழுது IRAK4 அல்லது MyD88 மரபணுவில் வருவது. நிமோகாக்கஸும் ஸ்டெஃபிலோகாக்கஸும் குழந்தையை வேகமாகச் சாய்க்கும், ஆனால் காய்ச்சலும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் CRP அளவும் தாமதமாகவே ஏறும். அந்த அலாரத்தை அடிக்கும் கம்பியே அறுந்திருக்கிறது. "CRP குறைவு, பயமில்லை" என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். விடலைப் பருவம் தாண்டினால் கடும் தொற்றுகள் வெகுவாகக் குறைகின்றன. அதுவரை காப்பாற்றுவதுதான் சவால்.

மண்ணீரல் வேலை செய்யாதவர்களையும் நிமோகாக்கஸ் இப்படித்தான் தாக்கும். அரிவாள் செல் சோகையில் மண்ணீரல் சிறுவயதிலேயே செயலிழக்கும். 1986-ல் வந்த ஆய்வில், நாளுக்கு இருமுறை 125 மி.கி. பெனிசிலின் கொடுத்ததில் இந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. ரத்தப் பூச்சில் ஹவல்-ஜாலி துணுக்குகள் (சிவப்பணுக்களில் மண்ணீரல் அகற்றாமல் விட்ட உட்கரு மிச்சங்கள்) தெரிகின்றனவா என்று பார்ப்பது மலிவான சோதனை. ஏனோ பலர் கேட்பதில்லை.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அரிதானவை, ஆனால் பலமானவை. பரவலாகக் காணும் மாற்றங்களின் பலம் சின்னது. O ரத்த வகையினருக்குக் காலரா தொற்றும் வாய்ப்பு கூடுதலென்று சொல்ல முடியாது. தொற்றினால் பேதி கடுமையாகும். தொற்றுவதும் முற்றுவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. காசநோய் மூளைக்காய்ச்சலில் LTA4H மரபணு வகைக்கு ஏற்ப ஸ்டீராய்டு பலன் மாறுவதாக வியட்நாம் ஆய்வு காட்டியது. இந்தோனேசியாவில் அந்த மரபணுவுக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு தெரியவில்லை. இப்படிப்பட்ட மாற்றங்களை எச்சிலைக் குழாயில் அனுப்பிப் பெறும் மரபணு அறிக்கையில் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுவது அவசரம்.

கடைசியாக, மரபணுக்களின் புரதம் உண்டாக்கும் பகுதிகளை வாசிக்கும் எக்ஸோம் பரிசோதனை "ஒன்றுமில்லை" என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். செர்ரேஷியா, பர்க்ஹோல்டேரியா போன்ற பாக்டீரியாக்கள், ஈரலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் சீழ்க்கட்டி என்றால், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் அதைக் கொல்லும் வேதிப்பொருளை உண்டாக்குகின்றனவா என்று சோதிக்கும் DHR-தான் முதலில். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே பெட்டியில் அனுப்புங்கள், பயணத்தில் செல்கள் செத்தனவா என்று அதுதான் சொல்லும். DHR கோளாறு காட்டி எக்ஸோம் சுத்தமாக வந்தால் NCF1 மரபணுவைத் தனியாகச் சோதிக்கக் கேளுங்கள். அதே சாயலில் இரண்டு போலி மரபணுக்கள் அருகிலேயே இருப்பதால், NCF1-ல் வழக்கமாக விடுபடும் இரண்டு டி.என்.ஏ எழுத்துகளை சாதாரண வாசிப்பு கண்டுகொள்ளாது.