வாத்துக் குஞ்சுகளின் முதல் மூன்று வாரம்

முட்டைக்காக வளர்க்கிற வாத்துகள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. காக்கி கேம்பெல் மாதிரி இனங்களில் அந்தக் குணம் கிட்டத்தட்டப் போயேவிட்டது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி பக்கம் அறுவடை வயல்களில் மேய்கிற சன்யாசி, கீரி வாத்துகளுக்கோ உட்கார நேரமும் இல்லை, இடமும் இல்லை. விடிவதற்குள் பட்டியில் நின்ற இடத்திலேயே முட்டையைப் போட்டுவிட்டு அடுத்த வயலுக்கு நடக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கம் பொரிகிற வாத்துக் குஞ்சுகளில் அநேகமாக எல்லாமே தாயைப் பார்க்காதவை.

அங்கே கால்நடை மருந்தகங்களில் மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தேன். மாடும் ஆடும்தான் பெரும்பகுதி வேலை. ஆனால் என் மனம் அதிகம் ஒட்டியது இந்தக் குஞ்சுகளிடம்தான். கூடையில் அள்ளிக்கொண்டு வருவார்கள், பாதி உயிரோடு, பாதி துவண்டு. ஊசி போடுங்கள் என்பார்கள். பல நேரம் ஊசி போட அங்கே நோயே இருக்காது. தாய் வாத்தின் உடம்பு செய்யும் ஏதோ ஒரு வேலையை அதற்குப் பதிலாக யாரும் செய்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த வேலைகள் என்னென்ன என்று குஞ்சு வளர்க்கிறவர்களுக்குச் சொல்வதே மெல்ல மெல்ல என் உத்தியோகத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

முட்டையிலேயே அது தொடங்குகிறது. கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். இன்குபேட்டர் இல்லாத வீடுகளில் அடைக்கோழிக்கு அடியில் வாத்து முட்டையை வைப்பார்கள். பெரும்பாலும் பொரித்துக் கொடுத்துவிடும். ஆனால் வாத்து அடை காத்தால் நடுவில் குளத்துக்குப் போய் நனைந்த வயிற்றோடு திரும்பி வந்து உட்காரும், முட்டைக்கு ஈரம் கிடைக்கும். கோழி நனைவதில்லை. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் தொட்டு முட்டைகள் மேல் தெளித்துவிட வேண்டும். செய்யாறு பக்கம் ஓர் ஆயா இதை எனக்குச் செய்து காட்டினார். கல்லூரியில் ஈரப்பதம் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்திருந்தேன். "கோழி காயக் காய உக்காருது டாக்டரம்மா, நம்ம தான் ஈரம் குடுக்கணும்" என்று அவர் ஒரே வரியில் முடித்தார்.

ஓட்டில் துளை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். பொறுமை இழந்து ஓட்டை உரித்துவிடக் கூடாது. உள்ளே சவ்வில் ரத்தக் குழாய்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாக இழுக்கப்பட்டிருக்காது. உரித்து எடுத்த குஞ்சுக்குத் தொப்புள் ஆறாமல் சீழ் வைக்கும். அந்த மஞ்சள் கருதான் குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் சாப்பாடும். ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு நெடுந்தூரம் கொண்டு போக முடிவதும் அதனால்தான்.

அப்புறம் சூடு. முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரை வெயிலில் பகலில் பல்பே வேண்டாம், மார்கழி இரவில் கட்டாயம் வேண்டும். தெர்மாமீட்டர் எல்லோரிடமும் இருக்காது, தேவையும் இல்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர், ஓரத்துக்குப் போய் அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், அங்கங்கே பரவிப் படுத்திருந்தால் சரி. சமீப வருடங்களில் இதில் ஒரு புதுச் சிக்கல். கடைகளில் குண்டு பல்பு கிடைப்பது குறைந்து, எல்.இ.டி. பல்பை மாட்டுகிறார்கள். வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், குஞ்சுக்குச் சூடு வராது. பல்பு எரிகிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள், விடியும்போது குஞ்சுகள் விறைத்துக் கிடக்கும். குண்டு பல்பைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் சூடு தருவதற்கென்றே விற்கிற சிவப்பு பல்பை வாங்குங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது இன்னும் ஆபத்து, அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்த ஆளையும் கொல்லும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் தண்ணீர். வாத்துக் குஞ்சு என்றதும் முதலில் அதை நீந்த விட்டுப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கி வந்த அன்றே அண்டாவில் தண்ணீர் நிரப்பி இறக்கிவிடுவார்கள், அதுவும் அழகாக நீந்தும். ஆனால் பிறந்த குஞ்சின் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. தாயோடு இருக்கிற குஞ்சு அதன் சிறகுக்குள் புகுந்து புகுந்து வரும்போது தாயின் எண்ணெய் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும், நனைந்து வந்தாலும் ஒண்டிக்கொள்ளச் சூடான வயிறு இருக்கும். இன்குபேட்டர் குஞ்சுக்கு இரண்டும் இல்லை. ரோமம் தண்ணீரை உறிஞ்சும், உடம்பு ஜில்லிடும், கொஞ்ச நேரத்தில் கழுத்து சாய்ந்துவிடும். தண்ணீர்ப் பறவை தண்ணீரில் நனைந்து சாகும் என்பதை நம்ப வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சரி, தண்ணீரே காட்டாமல் வளர்க்கலாமா என்றால் அதுவும் முடியாது. வாத்துக் குஞ்சு தீவனத்தைத் தண்ணீரோடுதான் விழுங்கும், தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் உலர்ந்த மாவுத் தீவனம் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்குத் துளைகளில் தீவனம் ஒட்டிக் காயும். அதைக் கழுவிக்கொள்ள அலகு முழுதும், கண் வரைக்கும் தண்ணீரில் முங்க வேண்டும். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற ஆழமில்லாத தட்டில் வளர்ந்தால் கண்ணோரம் பிசுபிசுத்து மூடிவிடும். அப்படி மூடிய கண்களோடு எத்தனையோ குஞ்சுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தை மாற்றச் சொன்னால் போதும், பெரும்பாலானவை தேறிவிடும்.

ஆக, தலை நனைய வேண்டும், உடம்பு நனையக் கூடாது. இரண்டு அங்குல ஆழம், குஞ்சு உள்ளே இறங்க முடியாத குறுகலான வாய். ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் வெட்டி, நடுவில் கூழாங்கல் அடுக்கித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. எந்தக் கம்பெனிச் சாமானையும் விட அது நன்றாக வேலை செய்தது. அந்த வீட்டுப் பெண் சாயங்காலம் தோறும் குழாயைச் சுற்றி நனைந்திருந்த உமியை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி பரப்புவார். ஒரு நாள்கூட விட மாட்டார். கீழே பத்திரிகைக் காகிதம் விரிக்க வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வழுக்குகிற தரையில் குஞ்சின் கால் இரு பக்கமும் அகண்டு போவதைப் பார்த்துத் தானே கோணி விரித்திருந்தார். வெயில் ஏறின நேரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டு, உடனே வெளியே ஓட்டி வெயிலில் காய விட்டு, அதை நாள்பட நாள்பட நீட்டித்துக்கொண்டே போவதும் அவர் பழக்கம். வாத்து மேய்ப்பு என்றால் கோலோடு வயலில் நடக்கிற ஆண்களைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த மந்தை மந்தையாக ஆவதற்கு முன்னால் இப்படி ஒருவர் வீட்டில் தூங்காமல் கிடந்திருக்கிறார். பயிற்சி முகாம்களுக்கு ஆண்களை மட்டும் அனுப்பும்போதெல்லாம் வீட்டில் குஞ்சு பார்க்கிறவங்க யாரோ அவங்களையும் கூட்டி வாங்க அண்ணா என்று பிடிவாதமாகச் சொல்லி வரவழைத்தேன். அதில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு.

இரவு தனிக் கதை. வாத்து பயந்த சுபாவம் உள்ளது. இருட்டில் எலி ஓடினாலோ இடி இடித்தாலோ எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன் மேல் ஒன்று அழுந்தும், அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் சாகும். மூலையே இல்லாமல் மூங்கில் தட்டியை வட்டமாக வளைத்துக் கட்டிவிட்டால் பாதிச் சாவு குறையும். மங்கலாக ஒரு விளக்கு விடிய விடிய எரிந்தால் மீதியும் குறையும்.

தீவனத்துக்கு வருகிறேன். கோழிக்குஞ்சுக்கான தீவனத்தை மட்டுமே கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் சில குஞ்சுகளுக்குக் கால் வளைந்து, முட்டி வீங்கி, நடக்க முடியாமல் போகும். வாதம் என்று நினைத்துக் கொண்டு வருவார்கள். நியாசின் என்கிற பி-வைட்டமின் வாத்துக் குஞ்சுக்கு அதிகம் தேவை. கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் வேண்டும், கோழிக்குஞ்சுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். ஆரம்பத்திலேயே பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பல குஞ்சுகள் எழுந்து நடந்துவிடும், எலும்பு முறுக்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஆட்கள் வேகவைத்த நொய்யோடு கருவாட்டுத் தூளும் நசுக்கிய நத்தையும் கலந்து வைப்பார்கள். அந்தக் குஞ்சுகளிடம் இந்தக் கால் கோளாறை நான் பார்த்ததே அபூர்வம். மீனில் நியாசின் நிறைய உண்டு.

நான் மறக்காத சாவு தீவனத்தில் வந்ததுதான். ஐப்பசி அடைமழை. ஒரு வீட்டில் இரண்டு வாரக் குஞ்சுகள் இரை எடுக்காமல், நொண்டி நொண்டி விழுந்துகொண்டிருந்தன. பாதங்கள் ஊதா நிறத்துக்கு மாறியிருந்தன. சில, தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு உதறி உதறிச் செத்தன. தலை அப்படி வளைந்தால் குஞ்சுகளைத் தாக்கும் கல்லீரல் வைரஸ் நோயை முதலில் நினைப்போம், அதில் ஓரிரு நாளில் கொத்துக் கொத்தாக விழும். இங்கே சாவு மெதுவாக, நாள்கணக்கில் நடந்தது. அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் வெளிறிப் போயிருந்தது. நான் தீவன மூட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனம், அடியில் கட்டி கட்டியாக, கை வைத்தால் ஈரம், பூஞ்சை வாடை.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, வாத்துக் குஞ்சுகளும் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்லாடாக்சின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. ஒரு நாள் வாத்துக் குஞ்சின் கல்லீரல் அந்த நஞ்சுக்கு அவ்வளவு சுலபமாகக் கெடும் என்பதால், தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே அப்போது அந்தக் குஞ்சுகளைத்தான் பயன்படுத்தினார்கள். படிக்கும்போது அது பரீட்சைக்கான ஒரு பத்தி. அந்த மழை நாளில், இறவாரத்தில் வரிசையாகக் கிடந்த குஞ்சுகளுக்கு முன்னால் குந்தியிருந்தபோது அந்தப் பத்தியின் கனம் தெரிந்தது. அந்தத் தீவனத்தை நிறுத்தி, வேகவைத்த நொய்யும் வெல்லத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னேன். சில நாளில் சாவு நின்றது. அதே தீவனத்தைத் தின்ற கோழிகள் முற்றத்தில் நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. "கோழி நல்லாத்தான இருக்குது" என்று அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூட்டையை விற்ற வியாபாரி மழையில் நனைந்த சரக்கு என்று தெரிந்தே தள்ளிவிட்டிருந்தார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள், மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சேமிக்காதீர்கள், வாடை வந்தால் மாட்டுக்கும் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லா முகாமிலும் முதல் பேச்சாக இதைத்தான் பேசினேன்.

குஞ்சுகள் முதலில் பார்க்கிற அசையும் உருவத்தின் பின்னால் போகும் என்பதை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1935-இல் வாத்துக் குடும்பப் பறவைகளை வைத்து எழுதினார், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மேய்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. தீவனம் வைக்கிற ஆளும் கூப்பிடுகிற குரலும் முதல் நாள்களில் மாறாமல் இருந்தால், பின்னால் ஆயிரம் வாத்தை இரண்டு பேர் ரோட்டைக் கடக்க வைக்கலாம். வேலைக்கு ஆள் மாற்றி மாற்றி வைத்த பண்ணைகளில் குஞ்சுகள் எந்தக் காலடிக்கும் மிரண்டன. குஞ்சு பார்க்க ஒரே ஆளை வையுங்கள், அந்த ஆளுக்கு நல்ல கூலி கொடுங்கள் என்பேன். இரண்டாவதைக் கேட்டவர்கள் குறைவு.

மூன்று நான்கு வாரம் தாண்டினால் வயலுக்கு இறக்குவார்கள். வாத்துக் காலராவுக்குத் தடுப்பூசி அப்போது, வாத்து பிளேக்குக்கு எட்டாவது வாரத்தை ஒட்டி. பிளேக் மருந்து நூற்றுக்கணக்கான டோஸ் உள்ள குப்பியாக வரும், கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். இருபது குஞ்சு வைத்திருக்கிற அம்மாவுக்காக ஒரு குப்பியை உடைக்க முடியாது. அதனால் பக்கத்து ஊர்க்காரர்களை எல்லாம் பேசி ஒரே நாளில் வரச் சொல்லிவிடுவேன்.

வயலில் கால் வைப்பதற்கு முன் நிலத்துக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: குருணை மருந்து போட்டீர்களா, எப்போது போட்டீர்கள்? நாற்றுக்குத் தூவுகிற அந்தப் பூச்சிக்கொல்லிக் குருணையை வாத்து தானியம் என்று நினைத்துப் பொறுக்கும். ஒரு காலையில் பாதி மந்தை வரப்பிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது நான் வேறு மாவட்டத்தில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் சிலர் போன் செய்து, "இந்த வயல்ல மருந்து போட்டு இத்தன நாளாச்சு டாக்டரம்மா, இறக்கலாமா?" என்று கேட்கிறார்கள். என்ன மருந்து என்று தெரியாவிட்டால், அந்த வயலே வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.