நுவரெலியா குளிருக்கு எந்த எஞ்சின் ஒயில்?

இங்க குளிரு, ஏத்தம்னு சொல்லி ஆளாளுக்கு ஒரு ஒயில் சொல்றாங்க, கேட்டு குழம்பாதீங்க. 5டபிள்யூ-30னா முன்னால உள்ள 5 குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப எவ்வளவு லேசா ஓடும்னு காட்டுது, பின்னால உள்ள 30 எஞ்சின் சூடானதும், அதாவது 100 பாகையில, எவ்வளவு திக்கா நிக்கும்னு. 5டபிள்யூவ மைனஸ் 30 பாகையில டெஸ்ட் பண்றாங்க, ஜனவரியில நுவரெலியாவுல புல்லு மேல உறைபனி விழுந்தாலும் அந்த குளிருக்கு கிட்டயும் வராது. அதனால நம்ம ரோட்டுக்கு ரெண்டாவது நம்பர்தான் முக்கியம், றம்பொடை ஏத்தத்துல ஆள் நிறைய ஏத்திட்டு செக்கன்ட் கியர்லயே இழுத்தா ஒயில் நல்லா சூடாகும். அதுக்குனு 0டபிள்யூ-20 கேக்குற ஹைபிரிட் காருக்கு 20டபிள்யூ-50 ஊத்திறாதீங்க, அது திக்கான ஒயில், ஸ்டார்ட் பண்ணினதும் எஞ்சினோட மேல் பகுதிக்கு ஒயில் ஏற நேரமெடுக்கும், பெற்றோலும் கூட குடிக்கும். கார் புத்தகத்துல பாரம் ஏத்துறப்ப ரெண்டாவது நம்பர் 30 உள்ள ஒயில் போடலாம்னு இருந்தா தாராளமா போடுங்க.