கடதாசி மேசையில் எனக்கும் ஒரு கதிரை

"டைரக்டர், ப்ளீஸ்."

பக்கத்தில் இருந்தவர் கையை உயர்த்தி, விதி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரை அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. வடமேற்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபம், வெளியில் மழை, உள்ளே பத்து மேசைகளில் நாற்பது பேர். பிரிட்ஜ் என்ற கடதாசி (சீட்டு) ஆட்டம் விளையாடும் அந்தக் கிளப்புக்கு நான் போகத் தொடங்கி மூன்றாவது புதன்கிழமை. என் முறை வராமலே முதல் கடதாசியை மேசையில் இறக்கிவிட்டிருந்தேன்.

அந்தப் பிழை யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் அப்பாவும் சித்தப்பாமாரும் 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடுவார்கள். அந்த ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். பிரிட்ஜ் இடப்பக்கமாகச் சுற்றும். ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இடப்பக்கம் இருப்பவர்தான் முதல் கடதாசியை இறக்க வேண்டும். நான் அவருக்கு வலப்பக்கம் இருந்தேன். சின்ன வயதில் கண்ணில் பதிந்த திசை, இத்தனை வருடம் கழித்தும் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

டைரக்டர் ஒரு தடித்த விதிப் புத்தகத்தோடு வந்தார். என்ன நடந்தது என்று அமைதியாகக் கேட்டார். பிறகு ஆட்டத்தை நடத்துகிறவரிடம் அவருக்கு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் இறக்கியதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டு தன் கையில் இருக்கும் கடதாசிகளையே மேசையில் விரித்துவிட்டு, ஆட்டத்தைத் தன் ஜோடியிடம் கொடுக்கலாம். வேண்டாம் என்றால், என் ஜோடி அதே இனத்தில்தான் (ஸ்பேட்ஸ், ஹார்ட்ஸ், டயமண்ட்ஸ், கிளப்ஸ் என்ற நாலில் ஒன்று) இறக்க வேண்டும் என்று கேட்கலாம், அல்லது அந்த இனத்தில் இறக்கவே கூடாது என்று தடுக்கலாம். ஒன்றும் கேட்காமல் விட்டால் என் ஜோடி விரும்பியதை இறக்கலாம், ஆனால் என் கடதாசி தண்டமாக மேசையில் திறந்தபடி கிடக்கும். மொத்தம் ஐந்து வழி. ஆட்டத்தை நடத்துகிறவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தார், ஆட்டம் தொடர்ந்தது. யாரும் என்னை முறைக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை.

அதிகாரத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டால் பிரச்சினை பெரிதாகும் என்பது நாங்கள் வளர்ந்த இடத்தில் படித்த பாடம். இங்கே டைரக்டரைக் கூப்பிடுவது குற்றஞ்சாட்டுவது இல்லை. பிழையை நாலு பேரும் தங்களுக்குள்ளே பேசித் தீர்க்கக் கூடாது, பிழை விட்டவர்கூடக் கையை உயர்த்தலாம் என்பதே விதி. இது மூளைக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. நெஞ்சு அடங்க இன்னும் சில மாதம் எடுத்தது.

விறாந்தைக்கு ஒருக்கா திரும்பிப் போகிறேன். எனக்கு அங்கே கதிரை இருந்ததில்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எட்டுக் கடதாசியையும் அவர் விசிறி மாதிரி விரிக்கும்போது, எதை இறக்குவார் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். "நான் ஒரு ஆட்டம் போடட்டா அப்பா?" என்று ஒரேயொரு முறை கேட்டேன். சித்தப்பா சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அதனால்தான், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, நூலகத்துச் சுவரில் "பிரிட்ஜ் கற்றுக்கொள்ளுங்கள், ஜோடி தேவையில்லை" என்ற தாளைப் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டேன்.

304 தெரிந்தவருக்கு பிரிட்ஜின் எலும்புக்கூடு புதிது இல்லை. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஏலம் கேட்டு ஒப்பந்தம் எடுக்க வேண்டும், போட்ட இனத்துக்கு அதே இனம் போட வேண்டும், இல்லையென்றால் துரும்பு (மற்ற இனங்களை வெல்லும் இனம்) வெட்டலாம். ஆனால் கடதாசிகளின் மதிப்பைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. பிரிட்ஜில் ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் வெறும் 1. ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை. 52 கடதாசியும் ஆட்டத்தில் இருக்கும், ஆளுக்கு 13. அப்பாவின் கையில் ராசாவாக இருந்த ஜாக்கை இப்படிப் பார்க்க முதலில் எனக்கு மனமே வரவில்லை.

இன்னொரு பெரிய வித்தியாசம், கடதாசி கலைத்துப் போடுவதில் இருக்கிற அதிர்ஷ்டம் கிளப் பிரிட்ஜில் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஒவ்வொரு கையும் ஒரு பிளாஸ்டிக் பலகையின் நாலு பக்கத்தில் செருகப்பட்டு மேசைக்கு மேசை போகிறது. நான் பிடித்த அதே 13 கடதாசியை மற்ற மேசைகளில் என் திசையில் இருப்பவர்களும் பிடிக்கிறார்கள். அவர்களைவிட நான் எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்பதுதான் புள்ளி. "இன்றைக்குக் கை சரியில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

நான் அந்த மேசையில் நிலைத்து இருந்ததற்குக் காரணம் ஏலப் பெட்டி. ஏலம் கேட்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறோம். ஒரு கிளப்ஸில் தொடங்கி ஏழு நோ ட்ரம்ப் (துரும்பு இல்லாத ஆட்டம்) வரை 35 அட்டை, அதோடு பாஸ், டபிள், ரீடபிள். மொத்தம் 38 சொல். மேசையில் எல்லாருக்கும் அவ்வளவுதான் மொழி. ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் 38, எனக்கும் 38. 1996இல் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் வாய் திறந்தால் எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் முன்னுக்கு வரும், "சாரி?" என்று. கடைகளில், பள்ளிக்கூடத்தில், வேலையிடத்தில். இங்கே என் உச்சரிப்பு ஒரு தடையே இல்லை. இரண்டு ஸ்பேட்ஸ் அட்டையை யார் வைத்தாலும் அது இரண்டு ஸ்பேட்ஸ்தான்.

இங்கிலாந்துக் கிளப்புகளில் பெரும்பாலும் ஏக்கோல் என்ற முறையில் ஏலம் கேட்கிறார்கள். 1930களில் அதை உருவாக்கியவர்கள் கூடிய கிளப் ஏக்கோல் ரோட்டில் இருந்தது. வெஸ்ட் ஹாம்ஸ்டெட் பக்கம், எங்கள் ஜூபிலி லைன் ரயில் பாதையில்தான். ஒரு சனிக்கிழமை வேலை மெனக்கெட்டுப் போய் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். குட்டித் தெரு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த ஆட்டத்தில் நான் மிகவும் மதிப்பது, ஜோடிக்குள் இரகசியம் கிடையாது என்பதை. 304இல் மூக்கைச் சொறிவது, கடதாசியை ஓங்கி அறைவது, செருமுவது எல்லாம் ஆட்டத்தோடு கலந்தே இருக்கும். பிரிட்ஜில் என் ஜோடி ஒரு நோ ட்ரம்ப் வைத்தால், "பன்னிரண்டு முதல் பதினான்கு" என்று எதிராளிகளுக்குக் கேட்க நான் சொல்ல வேண்டும். அவருடைய கையில் எத்தனை புள்ளி என்பதை எனக்கு அந்த அட்டை சொல்வது போலவே அவர்களுக்கும் என் வாயால் தெரிய வேண்டும். ஏலத்தில் யாராவது படி தாவிக் கேட்டால் முதலில் சிவப்பு ஸ்டாப் அட்டையை வைப்பார். அடுத்தவர் யோசிக்க இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து விநாடி பொறுக்க வேண்டும். பொறுக்காமல் உடனே பாஸ் வைத்தால், "என் கையில் ஒன்றும் இல்லை" என்று ஜோடிக்குச் சொன்னது போல ஆகிவிடும்.

இதன் ஆழம் எனக்கு விளங்கியது ஒரு மாசி மாதத்து இரவில். என் ஜோடிக்கு 80 வயதுக்கு மேல். விரல்களில் வாதம், அதனால் கடதாசிகளை ஒரு மரத் தாங்கியில் செருகி வைத்து விளையாடுவார். எதிராளிகள் ஒரு ஹார்ட், இரண்டு ஹார்ட்ஸ் என்று கேட்டுவிட்டார்கள். என்னிடம் ஐந்து ஸ்பேட்ஸ், பதினோரு புள்ளி. கேட்பதா விடுவதா என்று நீண்ட நேரம் யோசித்தேன். கடைசியில் பாஸ். அடுத்தவரும் பாஸ். ஏலம் என் ஜோடியிடம் வந்தது. அவர் தன் தாங்கியைப் பார்த்தார், பாஸ் அட்டையை வைத்தார். எதிராளிகள் எட்டுப் பிடி (நாலு பேரும் ஒவ்வொரு கடதாசி இறக்கும் சுற்றை வெல்வது ஒரு பிடி) எடுத்து 110 புள்ளி வாங்கினார்கள். மற்ற மேசைகளில் எங்கள் திசைக்காரர் இரண்டு ஸ்பேட்ஸ் ஆடி அதே 110ஐத் தங்கள் பக்கம் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டேன், உங்களிடம் நாலு ஸ்பேட்ஸ் இருந்ததே, ஏன் கேட்கவில்லை என்று.

"நீங்கள் யோசிக்காமல் பாஸ் வைத்திருந்தால் கேட்டிருக்கலாம், கேட்காமலும் விட்டிருக்கலாம். அது என் முடிவு. ஆனால் நீங்கள் யோசித்துவிட்டீர்கள். உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரியக் கூடாத விஷயம். அதை வைத்து நான் கேட்கக் கூடாது" என்றார்.

கேட்டிருந்தால் எதிராளிகள் டைரக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடாமலும் விட்டிருக்கலாம். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் அன்றைக்கு இரவு நித்திரை கொள்ளாமல் கிடந்து அதையே யோசித்தேன். என்னைக் குறை சொல்லவும் இல்லை அவர். யோசிக்க எனக்கு உரிமை உண்டு, அதற்கான விலையை ஜோடி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அப்பா இதைக் கேட்டிருந்தால் அவரை எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் எனக்கு மாதக்கணக்கில் நாக்கு எழவில்லை. என் அம்மாவின் வயது. "மிசிஸ்" என்று தொடங்கினால் தலையை ஆட்டி மறுப்பார். கடைசியில் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டேன், ஆனால் மனதுக்குள் இப்பவும் ஒரு "அம்மா" சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாரும் அவரைப் போல இல்லை. ஒரு நாள் ஒருவர் தன் மனைவியை மேசையில் வைத்தே, "உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று சத்தம் போட்டார். அந்த அம்மா கண்ணைத் தூக்கவே இல்லை. டைரக்டர் வந்து அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார். மரியாதையாக நடப்பதும் விதிப் புத்தகத்திலேயே எழுதப்பட்ட விதி என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். புள்ளி கணக்குப் போடும் விதிகளோடு ஒன்றாக அதையும் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கிறது.

எங்கள் தெருவில் பதினாறு வருடம் இருந்தும் இரண்டு வீட்டாரோடுதான் கதைத்திருக்கிறேன். கிளப்பில் கிழக்கு மேற்கு ஜோடிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த மேசைக்கு எழுந்து போக வேண்டும். எட்டுச் சுற்று, சுற்றுக்கு மூன்று கை. ஒரே இரவில் பதினாறு பேர் எதிரில் போய் அமர்ந்து, மாலை வணக்கம் சொல்லி, முடிந்ததும் நன்றி சொல்லி எழும்புகிறேன். யாருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை, யாருடைய பேத்தி பல்கலைக்கழகம் போகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தால் முதலில் கேட்பது இதைத்தான். "அக்கா, அங்கே துரும்பைக் கவிழ்த்து வைக்கிறதில்லையோ?" இல்லை, எல்லாம் திறந்துதான் என்றேன். முதல் கடதாசி விழுந்ததும் ஒரு முழுக் கையையே மேசையில் விரித்து வைப்போம் என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

வருகிற ஆடியில் வருகிறான். ஒரு புதன்கிழமை பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், டைரக்டரிடமும் கேட்டு வைத்துவிட்டேன். பார்க்க வருகிறவர் ஒரு ஆளுக்குப் பின்னால் மட்டும் அமரலாம், வாய் திறக்கக் கூடாது என்றார். அவனுக்கு என் கதிரைக்குப் பின்னால் ஒரு கதிரை போடுவார்களாம்.