மேரிகோபா கவுண்டியில் முதல் வருஷம்

மே 27, 2023

லாரி இன்னும் வந்து சேரவில்லை. நியூஜெர்சி எடிசனில் சாமான் ஏற்றிப்போன ஆளைக் கேட்டால் "வழியில் இருக்கிறது" என்பதோடு சரி. அதுவரை அரிசோனாவில், சாண்ட்லரின் இந்த வாடகை வீட்டில் காற்றடித்த மெத்தை, ஒரு குக்கர், கொஞ்சம் தட்டு.

கறிவேப்பிலைச் செடியை நியூஜெர்சியிலேயே தோழிக்குக் கொடுத்துவிட்டேன். அது ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதிலும் தங்கும் என்பதால் வெளிமாநிலத்திலிருந்து அரிசோனாவுக்குள் எடுத்துவரக் கூடாதாம். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்த்த செடி. இங்கே தரையில் நட்டால் மரமாகவே ஆகிவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். பார்க்கலாம்.

இவருக்கு சிப் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பழைய நியூஜெர்சி வேலையே, வீட்டிலிருந்து. மகளுக்கு இனிமேல்தான் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும்.

கவுண்டி என்றதும் நம் ஊர் மாவட்டத்தை நினைத்துக்கொண்டால் இந்த இடத்தின் அளவு பிடிபடாது. 2020 கணக்கெடுப்பில் 44 லட்சம் பேர். அரிசோனாவில் 15 கவுண்டிகள் இருந்தும் மாநிலத்தில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஒன்றில்தான் இருக்கிறார்கள். நியூஜெர்சி மாநிலத்தையே தூக்கி இதற்குள் வைத்துவிடலாம். அங்கே அதே பரப்புக்கு 21 கவுண்டி. பீனிக்ஸ், டெம்பி, மேசா, கில்பர்ட், சாண்ட்லர் எல்லாம் தனித்தனி நகரங்கள் என்று பெயர்ப்பலகை சொல்கிறது. காரில் போகும்போது ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரியவே இல்லை.

வேலூரில் கத்திரி முடியப்போகிறது என்று அம்மா போனில் சந்தோஷப்பட்டாள். இங்கே இனிமேல்தான் ஆரம்பமே.

ஜூன் 4

வியாழக்கிழமையிலிருந்து போன் மேல் போன். "தண்ணி இல்லாத ஊருக்கா போய்ச் சேர்ந்தீங்க?"

1ஆம் தேதி ஆளுநர் வெளியிட்ட நிலத்தடி நீர் அறிக்கைதான் காரணம். அடுத்த 100 வருஷத்தில் பீனிக்ஸ் வட்டாரத்தின் நிலத்தடி நீர்த் தேவையில் 4 சதவீதம் துண்டு விழும் என்கிறது அது. ஆகவே நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் போடுகிற புது மனைப்பிரிவுகளுக்கு இனி அனுமதி இல்லை. செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு ஊரே காலியாகப் போவது போலத் தோன்றியிருக்கிறது. எனக்கோ நேர்மாறாகத் தோன்றியது. மனை விற்கும் முன்பே 100 வருஷத்துக்குத் தண்ணீர் இருப்பதைக் காட்டு என்று 1980லிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. ஏரிக்குள் பிளாட் போட்டு விற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

சட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. ஸ்காட்ஸ்டேலுக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு பகுதி. நிலத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து விற்றால் மனைப்பிரிவுக் கணக்கில் வராது என்ற வழியில் வீடுகள் முளைத்துவிட்டன. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். அந்த லாரிகள் ஸ்காட்ஸ்டேல் நகராட்சியில் நிரப்பிக்கொள்வதை இந்த வருஷம் ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். இவரோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் வீடு மலிவு, மலை தெரியும் என்று காட்டினார். மலை தெரிந்து என்ன செய்ய?

வீடு வாங்கும் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைத்தாயிற்று.

ஜூன் 18

மகா கணபதி கோயிலுக்குப் போனோம். கோயில் இருக்கும் ஊரின் பெயர் மேரிகோபா. ஆனால் அது மேரிகோபா கவுண்டியில் இல்லை, பக்கத்து பினால் கவுண்டியில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை குழம்புவார்களாம்.

போகிற வழி கீலா ரிவர் பழங்குடியினரின் நிலம். மேரிகோபா என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த பீபாஷ் மக்களும் அக்கிமெல் ஓ'ஓதம் மக்களும் அங்கே வாழ்கிறார்கள். கவுண்டிக்கு 1871இல் வைத்த பெயர் அவர்களுடையது. ஊருக்கும் பெயர் அவர்களுடையது. கீலா ஆற்றை நம்பி விவசாயம் செய்தவர்கள். மேலே குடியேறியவர்கள் ஆற்றை மடக்கிவிட்டதால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சத்தில் தள்ளப்பட்டார்கள். 2004இல் சட்டம் போட்டுத்தான் அவர்கள் பங்கு நீர் திரும்பக் கிடைத்தது.

கோயிலில் புளியோதரை நன்றாக இருந்தது. செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து படி வரை ஓட்டம்தான்.

ஜூலை 9

இந்த ஊரில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வெயிலைத் தாங்குவதை அல்ல, எந்த நேரத்துக்கு எந்த வேலை என்பதை.

நடைப்பயிற்சி விடியற்காலை 5 மணிக்கு. அப்போதே நன்றாக விடிந்திருக்கும். எங்கள் தெருவில் அந்த நேரத்தில்தான் மனித முகங்களையே பார்க்கிறேன். எடிசனில் 9 மணிக்கு நடக்கும் அலுவலகக் கூட்டம் எனக்கு இங்கே 6 மணி. அதனால் பாதி நாள் நடை போய்விடுகிறது. காய்கறிக் கடை ராத்திரி 8க்கு மேல். பூங்காவில் குழந்தைகள் விளையாடுவது ராத்திரி 9க்கு, விளக்கு வெளிச்சத்தில். கேமல்பேக் மலைப் பாதையைக் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகலில் மூடிவிடுகிறார்கள். மூடாவிட்டால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மதியம் ஏறப்போவார்கள், தீயணைப்புத் துறை தூக்கிவரப் போகும்.

மின்சாரத்துக்கும் நேரம் உண்டு. எங்கள் திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை யூனிட் விலை பல மடங்கு. அதனால் மதியமே ஏசியை 74 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து வீட்டைக் குளிர்வித்துவிட்டு, 4 மணிக்கு 80க்கு ஏற்றிவிட வேண்டும். துணி துவைப்பதும் பாத்திரம் கழுவும் மெஷினும் ராத்திரிக்கு. மகள் 3:55க்கு அலாரம் வைத்திருக்கிறாள். தெர்மோஸ்டாட் அதிகாரி என்று தனக்குத்தானே பட்டம் வேறு.

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வருகிறது. கீசரை அணைத்தே விட்டேன்.

ஜூலை 15

ஏசி நின்றுவிட்டது.

மதியம் 1 மணிக்கு விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது, குளிர்ச்சி வரவில்லை. வீட்டு உரிமையாளர் ஒரு பழுதுபார்ப்பவரைச் சொன்னார். முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், ராத்திரிதான் வர முடியும் என்று பதில். மதியத்தில் பரண் மேல் ஏறினால் ஆளே விழுந்துவிடுவார்கள், அதனால் இந்த மாதங்களில் காலையிலும் ராத்திரியிலும்தான் அந்த வேலை. வீட்டுக்குள் 93 டிகிரி ஆனதும் மகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். அங்கே எங்களைப் போல வந்தவர்களும் இருந்தார்கள், போக வேறு இடமே இல்லாதவர்களும் இருந்தார்கள்.

9 மணிக்கு வந்தவர் பத்து நிமிடத்தில் ஒரு கெபாசிட்டரை மாற்றிவிட்டுப் போனார். உள்ளங்கையளவு சாமான். இந்த வெயிலில் முதலில் போவது அதுதானாம். கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கியாயிற்று, பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறது.

ஜூலை 19

இன்று விடியற்காலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 97 டிகிரி. செல்சியஸில் 36. பீனிக்ஸில் இதுவரை இவ்வளவு சூடான இரவு பதிவானதில்லை. பகலை விட இதுதான் என்னை பயமுறுத்தியது. வேலூரில் கத்திரியில்கூட மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டால் நடுராத்திரிக்கு மேல் ஒரு காற்று வரும். இங்கே வீட்டுக்கு மொட்டை மாடியும் இல்லை, அந்தக் காற்றும் இல்லை. தாரும் கான்கிரீட்டும் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்குகின்றன.

இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடம் வேறு திறந்துவிட்டது! நியூஜெர்சியில் செப்டம்பரில்தான் திறப்பார்கள். கோடை விடுமுறையில் பாதியைத் திருடிவிட்டார்கள் என்று மகள் புலம்புகிறாள். வெளியே விளையாடவே முடியாத மாதத்தில் விடுமுறை விட்டு என்ன பயன் என்பது இந்த ஊர்க் கணக்கு. அதற்குப் பதிலாக அக்டோபரில் இரண்டு வாரம் விடுகிறார்கள்.

ஜூலை 31

இன்று 108. ஜூன் 30இல் தொடங்கி நேற்று வரை 31 நாள் தொடர்ந்து 110 டிகிரிக்குக் குறையவில்லை. பழைய சாதனை 1974இல் 18 நாள். இன்று 108 என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து "இன்றைக்குப் பரவாயில்லை, இல்லையா?" என்றார். நானும் ஆமாம் என்றேன், மனதார.

ஆகஸ்ட் 20

பருவமழை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று காலண்டரில் இருக்கிறது. வானத்தில் இல்லை. புழுதிப் புயல் மட்டும் வந்தது.

புற ஊதாக் கதிர் டார்ச் வாங்கினோம். இருட்டில் சுவரோரம் அடித்தால் தேள் பச்சையாக மின்னும். மகளுக்குப் பொழுதுபோக்கு, எனக்கு ஷூவை உதறிப் பார்க்கும் பழக்கம்.

அக்டோபர் 8

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். இவ்வளவு காலம் 'புவெப்லோ கிராண்டே' என்று ஸ்பானியப் பெயரில் இருந்ததை இந்த வருஷம்தான் ஓ'ஓதம் மொழியில் 'ஸெடாவ் வாஅக்கி' என்று மாற்றியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஹோஹோகம் மக்கள் மண்வெட்டிகூட இல்லாமல், குச்சியாலும் கல்லாலும் வெட்டிய கால்வாய்களின் தடம் அங்கே இன்னும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வெட்டினார்கள். அவர்கள் விட்டுப்போய் நானூறு வருஷம் கழித்து, 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் அந்தப் பழைய தடங்களைப் பார்த்துத்தான் கால்வாய்க் கம்பெனி தொடங்கினார். பீனிக்ஸ் நகரம் உருவானது அதற்கப்புறம்தான்.

திரும்பும்போது சால்ட் ரிவரைப் பாலத்தில் கடந்தோம். மணலும் கூழாங்கல்லும். வேலூர்க்காரிக்கு வறண்ட ஆற்றைப் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பாலாறு போல இது வரத்து இல்லாமல் காயவில்லை. மேலே 1911இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணையில் தொடங்கி வரிசையாக அணைகள். ஊருக்குள் வரும் முன்பே முழுத் தண்ணீரையும் கால்வாய்க்குத் திருப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கால்வாய்த் தண்ணீர் டெம்பியில் நண்பர் வீட்டுக்கு இன்னும் நேரடியாக வருகிறது. பழைய குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றி வரப்பு கட்டியிருக்கிறது. முறை வரும்போது மடையைத் திறந்தால் புல்தரை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். முறை ராத்திரி 2 மணிக்கு வந்தால் 2 மணிக்குத்தான் எழுந்திருக்க வேண்டும். கால்வாயிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் ஆளுக்கு இங்கே 'சான்ஹேரோ' என்று பெயர், ஸ்பானியச் சொல். தாத்தா ஊரில் நீர்க்கட்டி என்போம். மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மடை திறக்கப் போவதை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம். பாலைவனத்தில் புல்தரைக்கு முறைத்தண்ணீரா என்ற கேள்வியும் கூடவே வந்தது. புதிய பகுதிகளில் புல்லுக்குப் பதில் சரளைக்கல்தான்.

நவம்பர் 5

நாடு முழுக்க நேற்றிரவு கடிகாரத்தைப் பின்னால் திருப்பினார்கள். அரிசோனா தொடவில்லை. 1967இல் ஒரே ஒரு கோடை முயன்று பார்த்துவிட்டு, சாயங்கால வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் யார் கேட்டது என்று விட்டுவிட்டார்கள். வடகிழக்கே நவாஹோ நிலத்தில் மட்டும் திருப்புவார்கள். அதற்கு நடுவில் உள்ள ஹோப்பி நிலத்தில் திருப்ப மாட்டார்கள். அங்கே கார் ஓட்டுகிறவர்களை ஆண்டவன் காப்பாற்றட்டும்.

எனக்கு இதில் லாபம். 6 மணிக் கூட்டம் இன்றிலிருந்து 7 மணி. வேலூருக்கும் இங்கேக்கும் வருஷம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேரம்தான். அம்மாவுக்கும் கணக்கு சுலபம்: "உனக்குக் காலைல ஆறுன்னா எனக்கு சாயங்காலம் ஆறரை." எடிசனில் இருந்தபோது பாதி நாள் தூக்கத்தில் எழுப்புவாள்.

ஜனவரி 14, 2024

ராத்திரி உறைபனி எச்சரிக்கை. தெருவெல்லாம் செடிகளுக்குப் பழைய பெட்ஷீட் போர்த்தியிருக்கிறார்கள். இங்கேயே நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைக்கு நானும் போர்த்தினேன். நாளை பொங்கல். கரும்பு கிடைத்துவிட்டது, மஞ்சள் கொத்துதான் இல்லை.

மினசோட்டா, கனடா நம்பர் பிளேட் கார்கள் சாலையை நிறைத்திருக்கின்றன. குளிருக்குத் தப்பி வரும் பெரியவர்கள். ஏப்ரலில் திரும்பிப் போவார்களாம். 1960இல் திறந்த சன் சிட்டி போல ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய ஊர்களும் இந்தக் கவுண்டியில் இருக்கின்றன.

மார்ச் 17

கவுண்டியின் கணக்கு வந்துவிட்டது. 2023இல் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். முந்தைய வருஷம் 425. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீடற்றவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டில் ஏசி இருந்திருக்கிறது, ஓடவில்லை.

நூலகத்தில் பார்த்தவர்களை நினைத்துக்கொண்டேன். ஜூலையில் "வறண்ட வெயில்தானே, வியர்க்காது" என்று ஊருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தோம். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். 4 மணிக்கு 80க்கு ஏற்றுவதா 78க்கா என்று யோசிக்கிறவர்களும், அந்த யோசனைக்கே வழியில்லாதவர்களும் ஒரே கவுண்டியில் இருக்கிறோம். கெபாசிட்டர் விலை ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் செலவுகூட வராது. அதை மாற்ற ஆள் வருவதற்குத்தான் காசு.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கில்பர்ட்டில் ஒருவர் வீட்டு வேப்பமரத்திலிருந்து பூ வந்தது. பச்சடி சரியாக அமைந்தது. முருங்கை தலைக்கு மேல் போய்விட்டது. இன்னொரு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

அம்மா ஜூனில் வருகிறேன் என்கிறாள். வேண்டாம், நவம்பரில் வா என்றேன். "வேலூர்ல பாக்காத வெயிலா?" என்று ஆரம்பித்தாள். பதிலுக்கு நான் ஜூலை நாட்குறிப்பைப் படித்துக் காட்டினேன். ராத்திரி 97 என்றதும் சத்தத்தைக் காணோம். அப்புறம் தீபாவளியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். சரி, தீபாவளி முடிந்து வரட்டும். சென்னையிலிருந்து இங்கே நேர் விமானம் இல்லை. லண்டன் வழியாக வந்தால் ஒரே இடத்தில் மாறினால் போதும், டிக்கெட் விலைதான் இடிக்கிறது.