எனக்கு வர வேண்டிய 11 லட்சத்து 40 ஆயிரம்

போன வாரம் மணலியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். அவருக்குப் பாக்கி வைத்திருந்த கம்பெனி திவாலாகிவிட்டது. அதை அப்படியே, ஓடுகிற நிலையில், புதிதாகத் தொடங்கிய இன்னொரு கம்பெனிக்கு விற்கப் போகிறார்களாம். "அக்கா, இது நமக்கு நல்லதா? இல்ல, எதிர்த்து மனு போடணுமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை திருவொற்றியூரில். அப்பா ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்தது. கணக்கும் ஆர்டரும் என் பொறுப்பு. எண்ணூர் பக்கம் பம்ப் செய்கிற ஒரு கம்பெனிக்குப் பதினோரு வருடம் புஷ், ஃபிளாஞ்ச், ஹவுசிங் என்று பம்ப் பாகங்களைக் கடைந்து கொடுத்தோம். 2019-ல் அவர்கள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. உண்மையில் கடன் கொடுத்த வங்கிதான், கம்பெனிகளின் திவால் வழக்கைப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. அன்றைக்கு எங்களுக்கு வர வேண்டியது 11 லட்சத்து 40 ஆயிரம். அதில் 1 லட்சத்து 74 ஆயிரம் ஜிஎஸ்டி. பில் போட்ட மாதமே அதைக் கட்டிவிட்டோம். பணம் வராமல் போனாலும் கட்டிய வரி திரும்பி வராது.

2016-ல் வந்த திவால் சட்டத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: செயல்பாட்டுக் கடன்காரர்கள். கடன்காரர் என்றால் இங்கே கடன் வாங்கியவர் இல்லை, பணம் வர வேண்டியவர். சரக்கு கொடுத்தவர், வேலை செய்து கொடுத்தவர் எல்லோரும் இதில் அடக்கம். கடன்காரர்கள் குழுவில் ஓட்டுப் போடுவது வங்கிகள்தான். நமக்கு ஓட்டு இல்லை. படிவம் பி-யில் பாக்கியை எழுதி, பில்லும் டெலிவரி சலானும் இணைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கம்பெனியை மீட்டெடுக்க ஒருவரும் திட்டம் கொண்டு வரவில்லை. 2020-ல் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதே பில்களை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, இந்த முறை படிவம் சி.

அப்புறம்தான் லிக்விடேட்டர், அதாவது கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நியமித்தவர், அவர் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். கம்பெனிக்குச் சொந்தமான ஜிக்குகள் உங்களிடம் இருக்கின்றன, ஒப்படைக்கவும் என்று.

ஜிக் என்றால், ஒரே மாதிரி ஆயிரம் ஹவுசிங்கில் துளை போட வேண்டும் என்றால், துளை இம்மி பிசகாமல் அதே இடத்தில் விழ, பொருளைப் பிடித்து வைக்கிற இரும்புச் சட்டம். எங்களிடம் பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர். ஏழாம் நம்பரை மட்டும் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தேன். 18 கிலோ. அன்றைய பழைய இரும்பு விலைக்குப் போட்டால் ஐந்நூறு ரூபாய் சொச்சம். அதையே புதிதாகச் செய்ய வேண்டும் என்றால், கெட்டிப்படுத்திய புஷ், கிரைண்டிங், அளவு பார்ப்பது எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் குறையாது. எங்கள் டர்னர் அண்ணன், "கொடுக்காதம்மா, பாக்கி வர்றவரைக்கும் நம்மகிட்டயே கிடக்கட்டும்" என்றார். எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். ஆனால் அது நம்முடைய பொருள் இல்லை. லிஸ்ட் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, டாடா ஏஸில் ஏற்றி அனுப்பினேன்.

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஏழாம் நம்பரில்தான் இருக்கிறது. பிரித்து விற்றால் ஐந்நூறு. வரைபடமும், மெஷினும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும், வாங்குகிற வாடிக்கையாளரும் ஒரே இடத்தில் இருந்தால் நாற்பதாயிரம். ஒரு கம்பெனி முழுக்க இந்த வித்தியாசம்தான் நிறைந்து கிடக்கிறது. அதைப் பிரித்துப் போட்ட அன்றைக்கே அது காற்றில் போய்விடுகிறது. யாருக்கும் கிடைக்காது, வங்கிக்கும் கிடைக்காது.

அப்போது கலைப்பு நேரத்தில் ஓர் ஆலோசனைக் குழு வைத்தார்கள். அதில் சரக்கு கொடுத்தவர்கள் சார்பிலும் ஒருவர் உட்கார முடிந்தது, சொல்வது வெறும் யோசனைதான் என்றாலும். எங்கள் சார்பில் போனவர் வந்து சொன்ன கணக்கு இது: மெஷின்களைத் தனித்தனியாகக் கழற்றி விற்றால் 2 கோடியே 90 லட்சம் தேறும். முதல் ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டாவது ஏலத்தில் அடிப்படை விலையைக் குறைத்தார்கள். அப்போது ஓடும் கம்பெனியாக 4 கோடியே 60 லட்சத்துக்குப் போனது. எடுத்தவர், அங்கேயே இருபது வருடம் வொர்க்ஸ் மேனேஜராக இருந்த சாரும் அவருக்குப் பணம் போட்ட ஒருவரும் சேர்ந்து தொடங்கிய புதுக் கம்பெனி.

கூடுதலாக 1 கோடியே 70 லட்சம். கடன்காரர்களுக்கு நல்லதுதானே என்றால், ஆமாம், நல்லதுதான். ஆனால் எந்தக் கடன்காரருக்கு என்று கேட்டாக வேண்டும்.

கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 53-வது பிரிவுதான் பந்தி வரிசை. முதலில் கலைப்புச் செலவு, லிக்விடேட்டர் சம்பளம் உட்பட. அடுத்த இலையில் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும், அடமானம் வாங்கிய வங்கியும் சமமாக உட்காருவார்கள். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசாங்க வரி. அதற்கும் பின்னால்தான் நாம். வங்கிக்கே 9 கோடி வர வேண்டியிருந்த கம்பெனியில் நம் இலைக்குச் சோறு வரவே வராது. 2 கோடியே 90 லட்சத்துக்கு விற்றிருந்தாலும் எனக்குச் சைபர், 4 கோடியே 60 லட்சத்துக்கு விற்றும் சைபர். ஆனால் அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு ஆலைத் தொழிலாளர்களின் சம்பள பாக்கிக்குப் போனது. சத்தியமூர்த்தி நகரிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் காசு வந்ததைப் பார்த்தேன். அதற்காகவே இந்த விற்பனை சரி என்பேன்.

ஆறு மாதம் கழித்து மேனேஜர் சார் போன் செய்தார். "ஹவுசிங் வேணும்மா, ஜிக் அனுப்பட்டுமா?" பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டேன். கொடுத்தார். ஏழாம் நம்பர் திரும்பி வந்தது, பக்கத்தில் சாக்பீஸில் எழுதிய ஏல நம்பரோடு. இன்றைக்கு எங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது.

இதைக் கேட்கிறவர்கள், "அப்போ உன் பாக்கி வேற வழியில வந்துடுச்சே" என்கிறார்கள். வரவில்லை. புது ஆர்டரில் வருவது புது உழைப்புக்கான கூலி. 11 லட்சத்து 40 ஆயிரம் பழைய உழைப்பு, அது போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்க ஆள் இருக்கிறார் என்பது லாபம்தான், ஆனால் அது கடன் அடைந்ததாகாது.

இன்னொன்று, நாள் தள்ளிப்போவது. ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் 2019 ஏப்ரலில் நின்றன. 2021-ல் மீட்புத் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது, ஆனால் நிறைவேறவில்லை. கடைசியில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொல்லிவிட்டது. ஐந்தரை வருடம் தரையில் நின்ற விமானத்துக்கு என்ன விலை வரும்? அந்தப் பம்ப் கம்பெனியும் இன்னும் ஒரு வருடம் பூட்டிக் கிடந்திருந்தால் வாடிக்கையாளர்கள் கோயம்புத்தூர் பம்ப்புக்கு மாறியிருப்பார்கள். அப்புறம் ஏழாம் நம்பர் வெறும் 18 கிலோ இரும்பு.

ஆனால் தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு. வாங்குகிறவர் யார், விலை எப்படி வந்தது, இந்த இரண்டையும் பார். பழைய முதலாளியே மச்சான் பெயரில் கம்பெனி தொடங்கி, கடனை மட்டும் பழைய வீட்டில் விட்டுவிட்டு மெஷினோடு புது வீட்டுக்குக் குடிபோகிற கதை நமக்குப் புதிதில்லை. அதைத் தடுக்கத்தான் 2017-ல் 29ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு மட்டும் அதில் தளர்வு உண்டு. 2021-ல் அவர்களுக்கென்று முன்கூட்டியே பேசி முடிக்கிற ஒரு முறையும் வந்தது. பழைய முதலாளியே திட்டம் கொடுக்கலாம். ஆனால் அந்தத் திட்டம் நம் பாக்கியில் ஒரு ரூபாய் குறைத்தாலும், வெளியாட்களிடமும் திட்டம் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது நிறைய பேருக்குத் தெரியவில்லை. திறந்த ஏலத்தில் வந்த விலை என்றால் மனு போட்டு நாளைக் கடத்தாதே, மூடிய அறையில் வந்த விலை என்றால் விடாதே என்றேன்.

கேன்டீன் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தக் கம்பெனிக்குப் பதினைந்து வருடம் காலை டீயும் மதியச் சாப்பாடும் போட்டவர். 2 லட்சத்து 36 ஆயிரம் பாக்கி. அவரிடம் பில் கிடையாது, தினமும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட நீள நோட்டுதான். இரண்டு படிவத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக டீ, வடை, சாப்பாடு என்று கூட்டினோம். பாதித் தொகையைத்தான் ஏற்றார்கள். அதற்கும் சைபர். புதுக் கம்பெனிக்கு ஜிக் வேண்டும், அதனால் நான் வேண்டும். சாப்பாட்டுக்கு அவர்கள் வேறு கேட்டரிங் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

தேரடியில் பார்க்கும்போதெல்லாம், "ஏதாவது வந்துச்சா பாப்பா?" என்று கேட்பார். வராது அண்ணே என்று ஒரு தடவை விவரமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த மாதம் மறுபடி அதே கேள்வி. நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை.