பத்துக் குவளைத் தண்ணீர்

தம்பிக்கு 41 வயது. பத்துக் குவளைத் தண்ணீரில் குளிப்பான். ஷவர் இருக்கிறது, ஆனால் தலைக்கு மேல் கொட்டும் அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது. அதனால் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் இன்னும் வாளியும் குவளையும்தான். மூன்றாவது குவளையில் சோப்பு, பத்தாவதில் துண்டு என்று அம்மா பழக்கியிருக்கிறார். பழக ஆறேழு வருஷம் ஆனது. இன்றைக்கும் கதவுக்கு வெளியே யாராவது நின்று கூடவே எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. போன வருஷம் வந்த மியன்மார் பணிப்பெண் முதலில் கற்றுக்கொண்ட தமிழே ஒன்று முதல் பத்துதான்.

அவள் சம்பளத்துக்கு உதவுமே என்று வீட்டில் வைத்து ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அரசு தரும் வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு மனுப் போட்டோம். 2019-ல் மாதம் 200 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி, 2023-ல் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 600 வரை. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், அது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஆறு செயல்களில்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றிலாவது நிரந்தரமாக அடுத்தவர் உதவி வேண்டும்.

மதிப்பீடு செய்தவர் ஒரு சீன இளம்பெண், பொறுமையானவர். ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“குளிப்பானா?”

“கேன், கேன்.” முடியுமாம்.

“தானே சாப்பிடுவானா?”

“கேன். ஆல் கேன்.”

தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து, தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு விதத்தில் அது பாராட்டுதான். 66 வயது அம்மா தன் வாழ்நாள் வேலையின் ரிசல்ட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசி இரண்டு செயல்களைத் தேற்றினேன். மூன்றாவது தேறவில்லை.

கையைக் காலை அசைக்க முடியாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். தம்பிக்குக் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடுவான், ஆனால் மீன் முள் தெரியாது, போதும் என்பதும் தெரியாது. நடப்பான், அதுதான் பயமே. ஒரு தடவை அடுத்த ரயில் நிலையமான காத்திப் வரை நடந்துபோய்விட்டான். அவனைத் தனியாக விட்டுவிட்டுக் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குப்பை போடக்கூடப் போக முடியாது. அந்தக் காவலுக்கு ஆறில் ஒரு கட்டம்கூட இல்லை. அதைவிட எரிச்சல், பிள்ளைக்கு எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறோமோ அவ்வளவு மதிப்பெண் குறைகிறது. எதையும் கற்றுக்கொடுக்காமல் விட்டிருந்தால் முதல் தடவையே பாஸ்.

மற்ற உதவிகள் இல்லாமல் இல்லை. பணிப்பெண் வைத்திருப்பவர்கள் அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை எங்களுக்கு 300 வெள்ளிக்குப் பதில் 60. அதற்கு ஒரே ஒரு செயலில் உதவி தேவைப்பட்டாலே போதும். அம்மா தன் மத்திய சேமநிதிப் பணம் தனக்குப் பிறகு தம்பிக்கு மாதாமாதம் போகும்படி எழுதி வைத்துவிட்டார், 2014-ல் வந்த திட்டம் அது. எனக்கும் சகோதரனுக்கென்று 5,500 வெள்ளி வருமான வரிக் கழிவு உண்டு. அவனுக்காக அரைநாள் வேலைக்கு மாறிய பிறகு கட்டுகிற வரியே கொஞ்சம்தான், அதில் எதைக் கழிக்க?

சரி, மறுபடி போவோம் என்று முடிவு செய்தேன். ஒன்பது நாள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். காலை 6.40, சட்டைக்கு மேல் சட்டை. 7.15, கழிவறை, கழுவிவிட்டது பணிப்பெண். 12.30, முள் எடுத்தது அம்மா. இரவு 2.10, வாசல் கேட்டைப் பிடித்து ஆட்டினான். ஒரு ராத்திரி இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

இரண்டாவது மதிப்பீட்டில் அம்மா வாயே திறக்கவில்லை. நான்தான் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை, கூரை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தேறியது.

பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம். நாலு நிறுத்தம் வரை பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, “அவன் தானா குளிப்பான்ல?” என்றார்.

“குளிப்பான்மா” என்றேன்.