நோட்ச் கேள்வியில் நான் சறுக்கிய இடம்

உயிரியலில் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை (ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமானது) முதல் முறை எழுதியபோது உட்செவி வளர்ச்சிக்கு ஓர் அட்டவணையே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இடப்பக்கம் மரபணு, வலப்பக்கம் அதன் வேலை. சி பகுதியில் அது எடுபடவில்லை. எதை எடுத்துவிட்டால் எது உருவாகாது என்று கேட்டார்கள்.

அடுத்த முறை சப்பாத்தி மாவை வைத்துப் படித்தேன், நிஜமாகத்தான். சின்ன உருண்டைதான் செவிக்குமிழ், அதாவது கருவில் உட்செவியாக வளரும் குமிழ். பக்கத்தில் பென்சில், அது பின்மூளை. பென்சிலுக்கு அடியில் தீக்குச்சி, அது முதுகுநாண், கருவின் முதுகோடு ஓடும் தண்டு. எலிக் கருவில் எஃப்ஜிஎஃப்3, எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் இரண்டும் இல்லையென்றால் உருண்டையே பிடிபடாது. பின்மூளையின் மேல்பக்கத்திலிருந்து வரும் வின்ட் என்ற சமிக்ஞை, குமிழின் மேல்பாதியைச் சமநிலை உறுப்பாக்குகிறது. கீழிருந்து வரும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை இல்லாவிட்டால், ஒலியைக் கேட்கும் சுருளான காக்ளியா கிடையாது.

தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழல்களுக்கு உளுந்து வடை போதும். மேல்பாதி தட்டையான பையாகப் பிதுங்கும். நடுவில் இரு சுவர்களும் ஒட்டி, அந்த இடத்துச் செல்கள் விலக, ஓட்டை விழும். மிஞ்சும் விளிம்புதான் குழல். (வடை விளிம்பு உள்ளே கூடாக இருக்காது, சரி.) கோழிக் கருவில், குழலின் உணர்பகுதியான கிரிஸ்டாவிலிருந்து வரும் எஃப்ஜிஎஃப் சமிக்ஞையைத் தடுத்தால் இந்த விளிம்பு நிற்பதில்லை.

நான் சறுக்கியது நோட்ச்சில். அது செல்லின் மேற்பரப்பில் இருந்து, பக்கத்துச் செல் சொல்வதைக் கேட்கும் புரதம். மயிர்செல்லாக (ஒலியையும் அசைவையும் உணரும் செல்) மாறத் தொடங்கும் செல், 'நீ ஆகாதே' என்று டெல்டா என்ற புரதம் வழியாகப் பக்கத்துச் செல்லின் நோட்ச்சைத் தூண்டும். பக்கத்துச் செல் தாங்குசெல்லாக நின்றுவிடும். ஆகவே நோட்ச்சைத் தடுத்தால் மயிர்செல்கள் கூடும். மைண்ட்பாம் என்ற வரிக்குதிரை மீன் திரிபில் அதுதான் நடக்கிறது. இதை மட்டும் நம்பி, ஜாக்1 (நோட்ச்சைத் தூண்டும் இன்னொரு புரதம்) நீக்கிய எலியிலும் மயிர்செல் கூடும் என்று குறித்துவிட்டு வந்தேன். தவறு. அங்கே கிரிஸ்டாவே உருவாவதில்லை, யூட்ரிக்கிள் என்ற சமநிலை உறுப்பும் சுருங்கிவிடுகிறது. காரணம் காலம்: ஜாக்1 வழி நோட்ச் முன்னதாகவே வேலை செய்து, 'இந்த இடம் உணர்பகுதி' என்று பட்டா எழுதிக் கொடுக்கிறது. பட்டாவே இல்லாத இடத்தில் யார் மயிர்செல், யார் தாங்குசெல் என்ற சண்டைக்கு என்ன வேலை?

இப்போதெல்லாம் நோட்ச் என்று கண்ணில் பட்டாலே, விடைகளைப் படிப்பதற்கு முன் ரஃப் தாளில் 'எப்போது?' என்று எழுதிவிடுகிறேன். அப்புறம் இஎம்எக்ஸ்2 என்ற மரபணுவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். யூட்ரிக்கிளில் மயிர்செல்களின் உச்சியிலுள்ள மயிர்க்கற்றைகள் எதிரெதிரே பார்த்து நிற்கும், பக்கத்துச் சமநிலை உறுப்பான சாக்யூலில் முதுகைக் காட்டி நிற்கும். இஎம்எக்ஸ்2 இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும்.